சினோராவின் கால்களைப் பார்க்காமல் வாசித்தேன்

ஐந்து வருடங்களாக இதை எழுதத் துணிவு வரவில்லை.

இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சா பகுதியில், ஸ்கொட்லாந்தில் பிறந்த முதிய அம்மையார் ஒருவரைப் பராமரித்தேன்; இத்தாலிய வழக்கப்படி ‘சினோரா’ என்றே அவரை அழைப்பேன். கோயில் பஜனையில் நான் ஹார்மோனியம் வாசிப்பதை அறிந்து, தன் ஊர் நடன மெட்டொன்றைப் பழக்கினார். “கடைசிவரை இதே வேகம்” என்று கைதட்டிக் காட்டினார்.

அவருடைய பிறந்தநாளன்று நான் வாசிக்க, மெல்ல ஆடினார். முடிவு நெருங்க, பஜனைப் பழக்கத்தில் கண்ணை மூடி வேகத்தைக் கூட்டிவிட்டேன்.

“என்னப்பா, கண்ணைத் திறவுங்கோ! அவ தடுமாறுறா!” என்று கூட வந்திருந்த என் மனைவி கத்தினாள்.

அதற்குள் சினோரா விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது, பிறகு அவர் நடக்கவேயில்லை.

“நன்றாகத்தான் வாசித்தாய். என்னைத்தான் நீ பார்க்கவில்லை” என்றார் மருத்துவமனையில்.

இப்போதும் பஜனை வேகமெடுத்தால் என் விரல்கள் நின்றுவிடுகின்றன. முருகனிடம் மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. இதை யாருக்காவது சொன்னால், என் பிழையைக் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள்.