மலையேறி வந்த பேரிக்காய்

இன்பமேரிக்குத் தெரிந்த வியாபாரம் ஒன்றே ஒன்றுதான். ஏற்காட்டு மலைமேல் இருக்கும் கரடியூரில் கிலோ ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் பேரிக்காய் சேலத்தில் நாலு ரூபாய்க்குப் போகும். இடையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டு வருடமாக, பஸ் கூரைமேல் இரண்டு கூடை போட்டே அவள் பிழைப்பு ஓடியது. கூடையின் வாயை மகளின் பழைய நீலப் பள்ளிப் பாவாடையைக் கிழித்துத் தைத்து மூடியிருப்பாள்.

எண்பத்தாறாம் வருட ஆடியில் அந்த மகள் தேவகுமாரிக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். ஆடிப் பண்டிகைக்குச் சேலத்தில் விலை ஆறு ரூபாய் ஆகிவிட்டதென்று பஸ் கண்டக்டர் சொன்னதும் இன்பமேரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்மலை விற்றாள். ஊர் மரங்களில் ஒரு காய் விடாமல் விலைபேசிப் பறித்தாள். முதல்முறையாக லாரி பிடித்தாள்.

"பெட்டியை அடுக்கி வெய்யி கண்ணு, சாயங்காலம் வந்தர்றேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பாவி மனுஷன், அந்தக் கண்டக்டர், வழியில் நின்ற எல்லா ஊரிலும் அதே விலையைச் சொல்லியிருக்கிறான். சேலம் மண்டியில் கால் வைக்க இடமில்லை, எங்கும் பேரிக்காய்.

"நேத்து வந்திருக்கோணுமுங்க" என்றார் தரகர் மாதையன். "இன்னிக்கு கிலோ எட்டணாவுக்கு மேல ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"லாரி வாடகைக்கே கட்டாதுங்களே!"

"திருப்பி ஏத்திட்டுப் போனா இன்னொரு வாடகை ஆவுமுங்க."

கூடையோடு கொடுத்தாள். வாடகை போக மிஞ்சியது பஸ் காசு. தெரிந்த நாலு பேரிடம் கைமாற்றுக் கேட்டும் கிடைக்காமல் மாலை பஸ்ஸில் ஏறினாள்.

கரடியூர் பஸ்ஸுக்கு மாற ஏற்காட்டில் இறங்கினால் ஏரிக்கரை முழுக்க ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒரு வேனைச் சுற்றி ஜனம் மொய்த்தது. பேரிக்காய்!

"கிலோ எட்டு ரூபாங்க அக்கா" என்றான் வேன்காரன். "மலையில ஒரு காய் இல்லீங்க, மொட்டையடிச்சுட்டாங்க. காலையில சேலத்துல சல்லிசா கெடச்சுது, ஏத்தியாந்துட்டேன்."

அவன் காலடியில் நீலத் துணி கிடந்தது. அவள் போட்ட தையல்.

யாரைத் திட்டுவது? பன்னிரண்டு வருடமாக அவள் செய்ததைத்தான் அவனும் செய்கிறான். துணியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கரடியூர் பஸ் வந்து நின்றது. வீட்டில் மகள் பெட்டியை அடுக்கிப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

இன்பமேரி ஏறவில்லை. பஸ் போய்விட்டது.