சுவருக்குக் காய்ச்சிய கஞ்சி

சுட்ட சுண்ணாம்புக் கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினால் சொய்யென்று ஒரு சத்தமும் மூக்கின் உள்தோலை உரிக்கிற மாதிரி ஒரு ஆவியும் கிளம்பும். குற்றாலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அருவி ஞாபகம் வரும், அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்த ஆவிதான் ஞாபகம் வரும், கூடவே எரிச்சலும் வரும்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனால் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் சீசனுக்கு வாடகைக்கு விடுகிற வீடுகளில் நாலு என்னுடையவை. ஒன்றுகூட அப்பன் கொடுத்ததோ புருஷன் கொடுத்ததோ இல்லை, எல்லாம் நான் இட்லி அவித்து விற்றுக் கட்டியவை. வாடகை வீட்டைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியுள்ள ஆள் இந்தப் பக்கத்தில் இருந்தால் வந்து பேசட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில், எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது, எங்கள் ஐயா ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் இருந்தார். வீட்டுக்காரர் ஆலங்குளத்தில் நிலபுலன் உள்ளவர், எங்களுக்கு அவர் 'மொதலாளி'. வருடமெல்லாம் பூட்டிக் கிடக்கிற வீட்டைச் சாரல் காலத்துக்கு மட்டும் குடித்தனம் விடுவார். அதைக் கூட்டிப் பெருக்கி வெள்ளையடித்து வைப்பதற்காக, ஐயா, அம்மை, நான் மூன்று பேரும் பின்பக்கத்து ஒற்றை அறையில் இருந்துகொள்ளலாம் என்பது பேச்சு. முந்தின வருடம் வந்தவர்கள் சுவரெல்லாம் பாசி என்று முறையிட்டுவிட்டுப் போனதால், இந்தத் தடவை ஒரு குறை காதில் விழுந்தாலும் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்று மொதலாளி சொல்லியனுப்பியிருந்தார்.

இத்தனைக்குப் பிறகும் எங்கள் ஐயா வெள்ளையடிக்கிற மட்டையைக் கையில் எடுத்தாரா? வைகாசி பிறந்ததிலிருந்து அம்மை தொண்டை வற்றக் கத்தினாள். அவரோ தினமும் வாசலில் நின்று மலையைப் பார்த்து, "ஏட்டி, எனக்குத் தெரியாத மேகமா? சாரலுக்கு இன்னும் பத்து நாள் கெடக்கு" என்பார்.

"வானத்தையே பாத்துக்கிட்டு நில்லுங்க, சுவரு தன்னால வெளுத்துரும்" என்பாள் அம்மை.

மதுரையிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் குடும்பம் நாலு நாளில் வருகிறது என்று ஆள் வந்து சொன்னதும்தான் ஐயா சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றி நீற்றினார். நீற்றின அன்றைக்கே சாரலும் வந்து இறங்கியது. ஈரச் சுவரில் அடித்த சுண்ணாம்பு மோர் மாதிரி வழிந்தது. சரி, காய வைக்கலாம் என்று கூடத்தில் நெருப்புச் சட்டியை வைத்தார் மனிதர், கரி கிடைக்காமல் நனைந்த விறகைப் போட்டு. புகை மண்டி, நடுச்சுவரில் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பிடித்துக்கொண்டது.

"ஏன், அடுப்பையே கூடத்துல போட்டிருக்கலாம்லா! வாரவுகளுக்குச் சமைக்கத் தோதா இருக்கும்" என்றாள் அம்மை, அழுகையை அடக்கிக்கொண்டு.

மறு பூச்சு அடித்தே ஆக வேண்டும். சுண்ணாம்பில் அரிசிக் கஞ்சி கலந்தால்தான் சுவரில் பிடிக்கும், இல்லையென்றால் தொட்டவர் மேல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வீட்டில் மிச்சமிருந்த இரண்டு கை அரிசியைக் குழையக் காய்ச்சி, "ஏட்டி, இது சுவத்துக்குக் காச்சினது. தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன்" என்று எனக்குச் சொல்லிவிட்டு அம்மை தண்ணீருக்குப் போனாள். மூன்று நாளாகக் கேப்பைக் கூழ் குடித்த வயிறு எனக்கு. உப்புப் போட்டு முக்கால் பானையைக் குடித்தேன், குடித்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றிக் கலக்கி வைத்தேன். வெள்ளையாக இருந்தது, போதும் என்று நினைத்தேன். அதைக் கலந்துதான் மறு பூச்சு அடித்தார்கள்.

வில்வண்டி வந்து நின்றபோது சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது, கூடத்தில் மட்டும் அந்தக் கறுப்பு மெல்ல மேலே தெரிய ஆரம்பித்திருந்தது. அம்மை போய் அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். வந்த அம்மாள் நல்ல கனத்த உடம்புக்காரி, அதட்டுகிற குரல்; அறை அறையாகப் பார்த்துவிட்டு, "ஏம்மா தூணாட்டம் நிக்கிற? வந்து கெணத்தக் காட்டு" என்றாள்.

"பிள்ளை காட்டுவா."

"பிள்ளை உள்ள விழுந்தா நானா தூக்குறது? நீ வா."

அம்மை நகர்ந்தாள். அவள் அரக்குச் சேலையின் முதுகு முழுக்க மாவு கொட்டின மாதிரி வெள்ளை. சுவரில் அவள் அளவுக்கே கறுப்பு. ஐயா சும்மா இருந்தாரா? "சாரல் நேரத்துல முதுகுச் சூடு பட்டா சுண்ணாம்பு அப்படித்தாம்மா கெளம்பும்" என்றார். அந்த அம்மாள் அவரைத் திரும்பியும் பார்க்காமல் சுவரில் ஒரு விரலைத் தேய்த்து, "கஞ்சி ஊத்தலையா?" என்றாள்.

"ஒரு பானை ஊத்தினேனே..." என்று இழுத்த அம்மையின் கண் என் பக்கம் திரும்பியது. போச்சு, இன்றோடு அந்த அறையும் போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நாந்தான் குடிச்சிட்டேன். தண்ணிய ஊத்தி வச்சிட்டேன்" என்றேன்.

அம்மை ஓங்கின கையை அந்த அம்மாள் எட்டிப் பிடித்துக்கொண்டாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "பெட்டிய எறக்குங்கப்பா. எல்லாரும் கேட்டுக்கங்க, செவுத்துல ஒருத்தரும் சாயக் கூடாது" என்று கத்தினாள்.

ஆடி முடிகிற மட்டும் அந்தக் குடும்பத்தில் எட்டுப் பேரும் கூடத்தின் நடுவிலேயே நடந்தார்கள், நடுவிலேயே உட்கார்ந்தார்கள். என்னைக் கண்டால் மட்டும் அந்த அம்மாள், "என்னடி, இன்னைக்கு எந்தச் செவுத்தக் குடிச்ச?" என்பாள். மொதலாளியிடம், வீடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனாள். நாங்களும் அந்த அறையிலேயே கிடந்தோம். அதற்குப் பிறகு தென்காசிச் சந்தை வரைக்கும் போய், தன் கைவேலை மதுரைக்காரர்களுக்குப் பிடித்துவிட்டது என்று ஐயா பெருமையடித்ததைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இன்றைக்கு வீடு கேட்டு வருகிறவர்கள் சுவரையா பார்க்கிறார்கள்? அருவியில் குளிக்க இத்தனை தூரம் வந்துவிட்டு, ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பெயிண்ட் டப்பாவில் வருகிறது. சுண்ணாம்பு நீற்றுகிற பானையும் இல்லை, தாழை விழுதை நசுக்கிச் செய்த மட்டையும் இல்லை, சுவருக்கென்று அரிசியைக் குழைய விடுகிற வீடும் இல்லை. புது ஆள் வருகிற அன்று காலையில் நாலு வீட்டிலும் நான் போய்க் கூடத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துப் பார்ப்பேன். "அது ஒட்டாது அத்தே" என்று என் மருமகள் சிரிப்பாள். ஒட்டாது என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும், "என் முதுகப் பாருட்டீ" என்று திரும்பி நிற்பேன்.