அப்பாவுக்குக் கிடைத்த ரயில்வே வேலை

கிள்ளான் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் அம்மா ஒரு மரத்தடியில் ஒதுங்கி, மடியில் முடிந்து வைத்திருந்த மஞ்சள் கயிற்றை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். குங்குமத்தை என்னிடம் நீட்டி, "வச்சு விடு, கண்ணாடி இல்ல" என்றாள். அப்பா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்குப் பத்து வயது இருக்கும். நான் வைத்த பொட்டு கோணலாக விழுந்தது.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களை விரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அப்பா போனதும் கூலிகளுக்கான லயத்தில் இருந்த எங்கள் வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவாட்டர்ஸில் இருந்த அத்தை வீட்டில் ஒண்டிக்கொண்டோம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதில் அம்மா யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஆனால் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கங்காணிகள் முதலில் கேட்டது, "புருஷன் எங்க?" என்றுதான். தனியாக நிற்கிற பொம்பளைக்கு லயத்தில் இடம் கிடையாது, வம்பு வரும் என்பார்கள். வம்பு செய்கிறவனுக்கு மட்டும் தாராளமாக இடம் உண்டு. வேலை கிடைக்காதவர்களை அப்போது கப்பலேற்றிச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊரில் எங்களுக்கு யாரும் இல்லை.

அன்று பார்த்த கங்காணி மரியாதையானவர்தான். அம்மாவிடம் கத்தியைக் கொடுத்து ஒரு மரத்தை வெட்டிக் காட்டச் சொன்னார். பட்டை சீராக வந்தது.

"நல்லாத்தான் வெட்டுற. புருஷன் எங்க?"

"பிரிக்பீல்ட்ஸ்ல, ரயில்வேல வேலைங்க. லீவுக்கு இங்க வந்துடுவாரு."

சீக்காளி என்று சொல்லியிருக்கலாம். ஊருக்குப் போயிருக்கிறார் என்றும் சொல்லியிருக்கலாம். அப்பா ஆயுசு முழுக்கத் தோட்டத்துக் கூலி. ரயில்வே வேலைமேல் அவருக்குத் தீராத ஆசை. பொய்யிலாவது அதை அவருக்கு வாங்கிக் கொடுக்கலாமே என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கங்காணி கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "வீட்டுல ரயில்வே சம்பளம் வருது, உனக்கு எதுக்கும்மா இது? இங்க புருஷனும் பொண்டாட்டியுமா வேலையில்லாம நிக்கிறாங்க. போயிட்டு வா."

செத்துப்போன மனிதர் ஐயா அவர் என்று அப்போது சொல்ல முடியுமா? கழுத்தில் கயிறோடு நிற்கிறவள் அதை எந்த வாயால் சொல்வாள்?

போன வாரம் சுபாங் ஜெயாவில் வேலைக்கு நேர்முகத்துக்குப் போன என் பேத்தியிடம், கல்யாணம் ஆகிவிட்டதா, எப்போது ஆகும் என்று கேட்டார்களாம். கொதித்துப்போய் வந்தாள். எனக்குக் கொதிப்பு வரவில்லை, அலுப்புதான் வந்தது.

அம்மா பிறகு குவாட்டர்ஸ் வீடுகளில் துணி துவைத்து என்னை ஆளாக்கினாள். கப்பல் ஏறாமல் எப்படியோ தப்பித்தோம். அதையெல்லாம்விட எனக்கு அன்று திரும்பி வந்த ரயில்தான் மறக்கவில்லை. அத்தை கண்ணில் படக்கூடாது என்பதால், பிரிக்பீல்ட்ஸ் வருவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பொட்டை முந்தானையால் துடைத்தாள். கயிறுதான் வரவில்லை, முடிச்சு இறுகிப் போயிருந்தது. அப்பா இறந்தபோது பெண்கள் சுற்றி நின்று அழுதார்கள், அத்தை தாலியைக் கழற்றினாள். இந்தத் தடவை அம்மாவுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

"நீயே அவுத்து விடும்மா" என்று எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.