மலைக்குருவியின் சிவப்பு

உலகச் சண்டைக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு மலைக்குருவி கூண்டோடு வந்து சேர்ந்தது. அரிசிக்கு வரிசையில் நின்று நின்று கால் வீங்கிக் கிடந்த எனக்கு, இன்னொரு வாய் வந்ததே என்ற எரிச்சல்தான் முதலில். என் கணவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் தினக்கூலி. அதற்கு முன் முத்து தரம் பிரிக்கிறவர். சிப்பி விளையாமல் முத்துக் குளிப்பு நின்று எத்தனையோ வருடமாகியும் அவர் வாயில் முத்துப் பேச்சு நிற்கவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

குருவியைக் கொண்டுவந்தவர் மலையிலிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றிவரும் லாரி டிரைவர். கிட்டங்கியை நடத்தும் வெள்ளைக்காரத் துரை ஆசைப்பட்டுக் கேட்டாராம். துரை அப்போது கொழும்பில் இருந்தார். அவர் திரும்பும்வரை வைத்திருந்து நல்லபடியாக ஒப்படைத்தால் என் கணவருக்கு வேலை நிரந்தரம் என்று பேச்சு.

சிட்டுக்குருவி அளவுதான். தடித்த அலகு, தலையும் நெஞ்சும் மாதுளம்பழச் சிவப்பு.

“பனிமலைப் பக்கமிருந்து குளிருக்கு எங்க மலைக்கு வருதுக மைனி. கூட்டமாத்தான் திரியும். மூங்கிலரிசி, உண்ணிப்பழம், பூவுல தேனு, எல்லாம் திங்கும். பொட்டைக்கு இந்தச் செவப்பு கெடையாது” என்றார் டிரைவர்.

“ஏளா, இந்த நெறத்துல ஒரு முத்து கெடைச்சா எப்படி இருக்கும்!” என்றார் என் கணவர். ஆரம்பித்துவிட்டார் என்று நான் உள்ளே போய்விட்டேன்.

மூங்கிலரிசிக்கு நான் எங்கே போவேன்? தினையும் கம்பும் போட்டேன். ஒவ்வொன்றாக அலகில் உருட்டி, உமியைத் துப்பிவிட்டுத் தின்றது. விடிந்ததும் மெல்லச் சீட்டியடிக்கும். அந்த வீட்டில் அலுத்துக்கொள்ளாத ஜீவன் அது ஒன்றுதான்.

ஒரு மாதத்தில் இறகு உதிரத் தொடங்கியது. புது இறகு முளைத்தது. ஆனால் சிவப்பாக இல்லை, பழுப்பும் மங்கிய மஞ்சளுமாக. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, “ஏளா, ஒங்க வீட்டுக்கு வந்தது எதுவும் வெளங்காது போலுக்கே” என்று சிரித்தாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. நானும் அந்த வீட்டுக்கு வந்தவள்தானே.

அடுத்த நாள் துரை வந்துவிடுவார் என்று ஒரு நாள் காலையில் தகவல் வந்தது. கணவர் வேலைக்குப் போன பிறகு பூந்திக்கொட்டையை ஊறவைத்தேன். மங்கிய முத்தை அந்த நுரையில் அலசித் துணியால் ஒற்றினால் ஒளி திரும்பும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் செய்த வேலை அது. உப்புக்காற்றும் புழுதியும் படிந்துதான் குருவி மங்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு முறை அலசினேன். சிவப்பு வரவில்லை. இறகெல்லாம் ஒட்டிப்போய், பாதி உடம்பாகச் சுருங்கி நடுங்கியது. மார்கழி வாடை வேறு. சேலைத் தலைப்பில் பொதிந்து அடுப்பருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்குள் செத்துப்போனது.

சாயங்காலம் கணவர் வந்ததும் சொன்னேன். கையில் எடுத்து, சிறகை விரித்து, வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது எனக்கு.

மறுநாள் கிட்டங்கியிலிருந்து சீக்கிரமே வந்து, இனி வேலை இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே படுத்துக்கொண்டார். அதற்கடுத்த நாள் டிரைவர் வாசலில் வந்து நின்றார்.

“என்ன மைனி, அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டாவ? கூண்டுல அடைச்சா மறு எறகு செவப்பா முளைக்காது. மலைத்தீனி இல்லல்லா. நெறந்தான போச்சு, உசுரு நல்லாத்தான இருந்துச்சு? எத்தன வருசமும் கெடந்திருக்கும். துரை கேட்டதுக்கு, முத்து கழுவுத பழக்கத்துல நாந்தான் கழுவிட்டேன்னு சொன்னாவளாம். கிட்டங்கியே கூடிச் சிரிச்சிருக்கு.”

முத்து பார்த்த கண் என்று ஊரெல்லாம் மதித்த மனிதர். இல்லை, கழுவினது நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“ஏளா,” என்று உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது, “டிரைவருக்குக் குடிக்கத் தண்ணி குடு.”

கொண்டுபோய்க் கொடுத்தேன்.