வெற்றுத் தாளில் பதினொரு கையெழுத்து

1. மூன்றாவது தாள்

அதிபரின் மேசையில் மூன்று தாள்கள் கிடந்தன. முதலாவது, என் வகுப்புப் பிள்ளை குமுதாவைப் பற்றி நான் எழுதிய மதிப்பீட்டு அறிக்கை. இரண்டாவது, மற்றப் பெற்றோர் நாலு பேரின் முறைப்பாடு. மூன்றாவது, குமுதாவின் தாய் தவமணி எழுதியதாக ஒரு கடிதம்: ‘என் மகளை என் சொந்த விருப்பத்தின் பேரில் பாடசாலையிலிருந்து விலக்கிக்கொள்கிறேன்.’ கீழே அவவின் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தை வாங்கியவன் நான். வாங்கியபோது தாளில் ஒரு எழுத்தும் இருக்கவில்லை.

எண்பதுகளின் கடைசிப் பகுதி. நெல்லியடிக்குக் கிட்ட ஒரு பாடசாலையில் விசேட கல்வி அலகு என் பொறுப்பு. பிள்ளைகள் பதினொரு பேர், கதிரைகள் ஒன்பது. எந்த நாள் ஊரடங்கு, எந்த நாள் ஷெல் விழும் என்று தெரியாது. ஒரு படிவத்துக்காகப் பெற்றோரை மறுபடி அலைக்கக்கூடாதென்று, பிள்ளையைச் சேர்க்கும் அன்றே வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி மேசை லாச்சியில் பூட்டி வைப்பேன். அந்தக் கடிதம் வர இரண்டு நாளைக்கு முன் அதிபர் லாச்சித் திறப்பைக் கேட்டார். ஏன் என்று கேட்காமல் கொடுத்தேன்.

குமுதாவுக்கு ஒன்பது வயது. தன் பெயரை எழுத ஏழு மாதம் எடுத்தவள். வகுப்பில் அவளுக்கு வலிப்பு வந்ததால் மற்றப் பெற்றோர் பயந்தார்கள். இங்கே பெயரை வெட்டினால் அவளுக்கு வேறு அலகு கிட்டடியில் இல்லை. வீட்டில்தான் இருக்கவேண்டும்.

2. பத்து இருபது

முறைப்பாட்டை விசாரிக்க வந்திருந்த கல்வி அதிகாரி பேனாவை எடுத்தார். “தாயே எழுதிக் குடுத்திட்டா. பிறகென்ன, விடுகைப் பத்திரத்தைக் குடுங்கோ.”

“ஓம் சேர். எங்களுக்கும் கவலைதான்,” என்றார் அதிபர்.

மணி பத்து இருபது. இடைவேளை. மகளுக்கு வலிப்பு மருந்துக் குளிசை கொடுக்கத் தவமணி தினமும் வரும் நேரம். ஜன்னலால் அவவைக் கண்டேன். உள்ளே என்ன நடக்கிறதென்று அவவுக்குத் தெரியாது.

“சேர், தாய் வெளியிலைதான் நிக்கிறா. ஒருக்காக் கேட்டுப் பாப்பம்.”

“மாஸ்டர், நீர் உம்மடை வேலையைப் பாரும்,” என்றார் அதிபர்.

“நிண்டால் கூப்பிடுங்கோவன்,” என்றார் அதிகாரி.

தவமணி நின்றபடியே கடிதத்தை வாசித்தா. “கையெழுத்து என்ரைதான் சேர். மிச்சம் ஆர் எழுதினது? நான் வைக்கேக்கை இது வெறும் தாள். உந்த மாஸ்டர்தான் வாங்கினவர்.”

அதிபர் சிரித்தார். “தோட்ட வேலையோடை மறந்துபோனா போல.”

“வெங்காயம் நடுறதெண்டாலும் கண்ணைத் திறந்துகொண்டுதான் சேர் நடுறனான்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். ஓய்வுக்கு ஆறு வருடம். அதிபர் நினைத்தால் இடமாற்றம் ஒரு மாதத்தில் வரும். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தேன்.

“ஓம் சேர். வெறும் தாளிலைதான் வாங்கினனான். பதினொரு பேரிட்டையும்.”

அதிகாரி கடிதத்துக்குக் குறுக்கே கோடு கீறினார். “தாயோ தகப்பனோ தாங்களா எழுதிக் கேட்காமல் பேர் வெட்டேலாது. பிள்ளையைப் பற்றித் தீர்மானிக்கேக்கை பெற்றோர் இருக்கவேணும். அறிக்கையையும் காட்டவேணும்.”

“அப்ப இண்டைக்கு ஏன் என்னைக் கூப்பிடேல்லை?”

அவ கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. “மாஸ்டர், உங்கடை அறிக்கையை வாசியுங்கோ. ஒரு வரி விடாமல்.”

வாசித்தேன். ‘அடிக்கடி வலிப்பு வருகிறது’ என்ற இடத்தில் நிறுத்தினா.

“எத்தினை தரம் மாஸ்டர்?”

“மூண்டு.”

“அப்ப மூண்டு எண்டு எழுதுங்கோ. குளிசை துடங்கினபிறகு ஒண்டும் வரேல்லை எண்டும் எழுதுங்கோ.”

கூரை ஓடுகளைக்கூட எண்ணி வைப்பவன் நான். அந்த இடத்தில் ‘அடிக்கடி’ என்று எழுதியிருந்தேன். திருத்தினேன். அதன் பிறகுதான் அறிக்கையில் கையெழுத்து வைக்க அவ பேனாவைக் கேட்டா. குமுதா அலகிலேயே இருந்தாள்.

3. மிச்சம் பத்து

மற்றப் பத்துத் தாள்களையும் சைக்கிளில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு பின்னேரம் எடுத்தது. ஒன்பது பேர் வாங்கினார்கள். உடுப்பிட்டியில் ஒரு தகப்பன் கையை நீட்டவில்லை.

“வைச்சிருங்கோ மாஸ்டர். உங்களை நம்பித்தானே தந்தனான்.”

“அதுதான் அண்ணை பிழையாப் போச்சுது,” என்று தாளை அவர் கையில் திணித்தேன்.

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒவ்வொரு தடவையும் பெற்றோரைக் கூப்பிடுங்கள். வரச் சுணங்கினால் காத்திருங்கள். எழுதியதை முழுதாக வாசித்துக் காட்டியபின் பேனாவைக் கொடுங்கள். அவர்கள் உங்களை முழுதாக நம்பினால், இன்னொரு தரம் வாசித்துக் காட்டுங்கள்.