எந்த நாட்டுக் கணக்கு

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் ரயிலில் என் எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெயிலில் கருத்த முகம். கையிலிருந்த பெரிய கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பிந்தியிருந்தது.

"துபாய் நேரம், அண்ணாச்சி. வேல போயி ஊருக்கு வந்தாச்சு. இத மாத்தத்தான் மனசு வரல."

செய்தித்தாளில் படித்ததைச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. வேலை செய்வோரையும் தேடுவோரையும் சேர்த்து எண்ணினால், வளைகுடா நாடுகள் அத்தனையையும்விட இந்தியா பல மடங்கு பெரிது என்றேன்.

"அங்கன நின்ன என்னைய எதுல சேத்தாவ?"

"அவங்க கணக்குலதான்."

"இப்பம்?"

"வேல தேடுனீங்கன்னா நம்ம கணக்கு."

"தேடத்தான் செய்யுதேன். ஆனா இங்கன இல்ல, அங்கனல்லா தேடுதேன்."

செய்தித்தாளை மடித்து வைத்தேன். செங்கோட்டையில் இறங்கும்போது, அவ்வளவு பெரிய கடிகாரம் கட்டியிருந்தவர், என்னிடம் மணி கேட்டார்.