திட்டுக்குப் போட்ட புது பேட்டரி

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் என் கடை. போன் ரிப்பேரும் பார்ப்பேன் என்றாலும், என் கைக்குப் பிடித்த வேலை பழைய டேப்லெட்டுகளுக்குப் பேட்டரி மாற்றுவதுதான். கொரோனா காலத்தில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக அவசர அவசரமாக வாங்கினார்களே, அவை எல்லாம் இப்போது வயதாகி, வயிறு உப்பிக்கொண்டு என்னிடம் வருகின்றன. ரிஷிவந்தியத்திலிருந்து வரும், மணலூர்பேட்டையிலிருந்தும் வரும். பேட்டரி உப்பியதில் திரை ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் தூக்கிய இடத்தை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். எனக்கு வரும் கோபத்துக்கு அதைக் கழற்றி அவர்கள் காதிலேயே மாட்டிவிடலாம் போலிருக்கும். உப்பிய பேட்டரியை அழுத்தாதீர்கள், தீப்பிடிக்கும் என்று கடை முகப்பில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் படிக்கத்தான் ஆளைக் காணோம்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "உள்ள இருக்கறது போயிடுமா?" பேட்டரி மாற்றினால் உள்ளே இருப்பது எதுவும் போகாது. சொன்னால் நம்ப மாட்டார்கள். இன்னொரு தடவை கேட்பார்கள். அந்தப் பொருளின் மேல் யாருக்கும் பெரிய ஆசை கிடையாது. உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு படம், ஒரு குரல், இப்படி எதன் மேலாவதுதான் உயிரை வைத்திருப்பார்கள்.

கல்வராயன் மலையிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி வந்த ஓர் அண்ணனும் அதே கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் கேட்பதற்கு முன்னால் சந்தின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். பிறகு துண்டில் சுற்றியிருந்த டேப்லெட்டை மேஜைமேல் வைத்தார்.

"உள்ள ஒரு சத்தம் இருக்குது யக்கா. அது மட்டும் போயிடக் கூடாது."

"இன்னா சத்தம்ண்ணா? பாட்டா?"

"பாட்டுல்லாம் இல்ல." குரலைத் தாழ்த்தினார். "என் பொஞ்சாதி என்னைத் திட்டறது."

மனைவியின் திட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு வந்த மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

கதை இதுதான். வீட்டுக் கூரைக்குத் தகரம் வாங்கி வரச் சொல்லி மனைவி இவரை டவுனுக்கு அனுப்பியிருக்கிறார். இவர் பாட்டு கேட்கிற ஸ்பீக்கர் பெட்டி வாங்கிக்கொண்டு மலையேறியிருக்கிறார். அந்த அம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டு வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். இவருக்கு ரோஷம். இவள் வாயை இவள் அண்ணன்மாரே கேட்கட்டும், நியாயம் சொல்லட்டும் என்று மகளின் டேப்லெட்டை மடியில் மறைத்து அத்தனையையும் பதிவு செய்துகொண்டார். அன்று சாயங்காலம் சாமைக் காட்டுக்குக் காவலுக்குப் போனவர், பரண்மேல் உட்கார்ந்து, சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று அந்தப் புதுப் பெட்டியிலேயே இணைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார். கதிரை மேய வந்திருந்த காட்டுப்பன்னிக் கூட்டம் குட்டிகளோடு சிதறி ஓடியிருக்கிறது.

"தகரம் தட்டனா ஓடாதுக்கா. வெடி வெச்சா ஓடும், திரும்பி வந்துடும். இவ குரலுக்கு ஓடனது வர்ல பாத்துக்கோ."

மச்சான்மாரை அதோடு மறந்துவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு விளைச்சலுக்கும் அந்தத் திட்டுதான் காட்டுக்குக் காவல். வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம். மாடு கன்றைப் பார்த்துக்கொண்டு மனைவி வீட்டிலேயே இருந்துவிடுவார். வெடிச் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கு விஷயம் தெரியும். அவர்கள் காட்டுக்கும் சேர்த்துத்தான் காவல் நடக்கிறது என்பதால் அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

"இப்ப கதிரு முத்திப்போச்சு. அறுக்கறதுக்குள்ள பன்னி பூந்துதுன்னா வருசத்துக்கும் எங்களுக்குச் சோறு இல்ல. எப்பிடியாவது மாத்திக் குடுத்துடு யக்கா. ஆனா இது மட்டும் அவ காதுல வுழவே கூடாது."

கூடாதுதான் என்று நானும் தலையை ஆட்டினேன்.

சோலார் தட்டோடு சேர்த்து டேப்லெட்டையும் நாளெல்லாம் வெயிலில் வைத்து சார்ஜ் போட்டிருக்கிறார். உப்பாமல் என்ன செய்யும்? அது பழைய மாடல். பேட்டரி சென்னையிலிருந்து பார்சலில்தான் வர வேண்டும். அவரை அனுப்பிவிட்டு, திரையைப் பதமாகச் சூடு காட்டி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பசையை விடுவித்துக் கழற்றி வைத்தேன். இந்த வேலையில் மட்டும் எனக்கு அவசரமே வராது. வீட்டில் இருப்பவர்கள் கேட்டால் நம்ப மாட்டார்கள்.

பார்சல் வருவதற்குள் அவர் போன்மேல் போன் போட்டார். ஒவ்வொரு போனுக்கும் அவர் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. பரண்மேல் நின்று அவரே கத்திக்கொண்டிருக்கிறாராம்.

"தொண்டை கட்டிப்போச்சுக்கா. இந்தப் பன்னிங்க என் குரலை மதிக்கவே மாட்டேங்குதுங்க" என்றார். அதற்கடுத்த போனில் காற்று மட்டும்தான் வந்தது. நானாக அர்த்தம் செய்துகொண்டு, "பார்சல் வந்துடும்ண்ணா" என்றேன்.

வந்தது. மாட்டினேன். புது பேட்டரி போட்டால் முழுக்க சார்ஜ் ஏற்றி, சத்தத்தைக் கூட்டி வைத்து, தானாக அணைந்துபோகும் வரை ஓடவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். எத்தனை நேரம் நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும். எந்தப் பாட்டையாவது போட்டு ஓடவிட்டிருக்கலாம். அந்த அம்மாள் மலைமேல்தானே இருக்கிறார் என்று நான் திட்டைப் போட்டேன்.

"யோவ்! கூரைக்குத் தகரம் வாங்கிக்கினு வான்னு அனுப்பனா பாட்டுப் பொட்டி வாங்கிக்கினு வந்து நிக்கிறியே, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதா? மழை வந்தா பொட்டியத் தலை மேல கவுத்துக்கினு படுப்பியா? கண்ணு முன்னால நிக்காத. ஓடிப் போ!"

என்ன குரல் அது! எதிர் டீக்கடைக்காரர் பாலில் தண்ணீர் ஊற்றப் போனவர் செம்பைக் கீழே வைத்துவிட்டார். பைக்கில் சாய்ந்து யாருடனோ போனில் குழைந்துகொண்டிருந்த ஒருவர் பட்டென்று போனை வைத்தார். சந்தின் கடைசியில் சுவரோரமாக ஒதுங்கியிருந்த இன்னொருவர், 'ஓடிப் போ' என்ற இடத்தில் நிஜமாகவே ஓடினார். அதில் யார் பெயரும் இல்லாததால் அவரவர் தனக்கென்று எடுத்துக்கொண்டார்கள். ஹெட்போன் மாட்டிச் சோதித்திருக்கலாம்தான். அதில் பேட்டரி சீக்கிரம் இறங்காது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

மத்தியானம் மஞ்சள் பையோடு ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தலையைச் சாய்த்து மேஜைமேல் இருந்த டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். 'மழை வந்தா பொட்டியத் தலை மேல...' என்று அது ஆரம்பித்தபோது அந்தப் பெண்ணின் உதடும் கூடவே அசைந்தது. யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது.

அவருக்குப் பின்னால், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் மாத்திரைப் பொட்டலத்தோடு அண்ணன் ஓடிவந்தார். தொண்டைக்கு டாக்டரிடம் காட்ட மனைவிதான் அவரை டவுனுக்கு இழுத்து வந்திருக்கிறார். அவர் மருந்துக் கடையில் நின்ற நேரத்தில், மகளின் டேப்லெட்டை வாங்கிவிடலாம் என்று இந்த அம்மாள் என் கடையை விசாரித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். அண்ணன் என்னைப் பார்த்து வாயை வாயைத் திறந்தார். சத்தமே வரவில்லை.

"இது என் குரலு" என்றார் அந்தப் பெண்.

பதில் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. டேப்லெட்டை நிறுத்தினேன். பொய் சொல்வதில் எனக்கு இவ்வளவு திறமை இருக்கிறது என்று அதுவரை எனக்கே தெரியாது.

"ஆமா அண்ணி. அண்ணன் பரண்ல தனியாத்தான இருக்காரு? உங்க குரலு கேட்டுக்கினு இருந்தா வூட்ல இருக்கற மாதிரியே இருக்குதாம். அதான் புடிச்சி வெச்சிக்கினாராம். பன்னி ஓடுதுன்னு அப்பறமாத்தான் தெரிஞ்சிதாம். உங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கினு வெடிச் சத்தம்னு சொல்லியிருக்காரு."

அண்ணன் மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணிக்கு வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார்.

"நல்ல பேச்சு பேசறப்ப புடிச்சிருக்கக் கூடாதாய்யா" என்றார் கணவரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "நெசமாவே ஓடுதாம்மா? அந்தப் பெரிய கொம்பன் பன்னி கூடவா?" என்று கேட்டார். டீக்கடைக்காரர் கேட்காமலே டீ கொடுத்தனுப்பினார். கொஞ்சமும் தண்ணீர் கலக்காத டீ அது.

எல்லாம் இதோடு முடிந்திருக்க வேண்டும். அண்ணன் என் காதருகே வந்து காற்றுக் குரலில் இன்னொன்று சொன்னார். டேப்லெட் அணைவதற்குக் கொஞ்ச நாள் முன்பே பன்னிகளுக்கு இந்தத் திட்டு பழகிப்போய்விட்டதாம். கொம்பன் மட்டும் ஓடாமல் நின்று, கேட்டுக்கொண்டே மேய ஆரம்பித்துவிட்டதாம். அறுப்புக்குள் புதிதாக ஏதாவது வேண்டுமாம். அதை அண்ணிக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"அவ்ளோதான? இப்பவே திட்றேன்" என்று டீ கிளாஸை வைத்துவிட்டு அண்ணி முன்னால் வந்தார். நான் டேப்லெட்டைப் பதிவில் போட்டேன்.

"யோவ்!" என்று நன்றாகத்தான் ஆரம்பித்தார். எதிரே கழுத்தில் துண்டோடு நின்ற கணவரைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "ஏன்யா இப்பிடி தொண்டையக் கட்டிக்கினு நிக்கிற. சுடுதண்ணி குடிச்சியா?"

அழித்துவிட்டு மறுபடி போட்டேன். இந்தத் தடவை பாதியிலேயே சிரித்துவிட்டார். கணவரைப் பார்க்காமல் பன்னிகளை நினைத்துத் திட்டுங்கள் என்றேன். "பன்னிங்களா, அந்தாண்ட போயிடுங்கடா சாமி" என்றார்.

"அண்ணி, இதைக் கேட்டா பன்னி பாயை விரிச்சிப் போட்டு உட்காந்துக்கும்" என்றேன்.

என்ன செய்தும் அவருக்குக் கோபம் வரவில்லை. எப்படி வரும்? பரண்மேல் தன் குரலுக்கு ஏங்கிக்கொண்டு ஒரு மனுஷன் படுத்திருக்கிறார் என்று சற்று முன்னால்தான் நான் சொல்லியிருந்தேன். என் பொய் வேலை செய்துவிட்டது, தேவைக்கு மேலேயே செய்துவிட்டது. எனக்கு என்மேல் ஆத்திரமாக வந்தது.

அண்ணன் மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மலைக்குப் போகிற பஸ் கிளம்ப அதிக நேரமில்லை. தண்ணீர் குடித்தார். பதிவைப் போடச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார். பிறகு மனைவிக்கு எதிரே போய் நின்றுகொண்டு, இருந்த காற்றையெல்லாம் திரட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"இவங்க சொன்னது பொய்யி. உங்கண்ணனுங்ககிட்ட போட்டுக் காட்டி உன்ன அசிங்கப்படுத்தத்தான் புடிச்சேன்."

டீக்கடை அடுப்புச் சத்தம்கூடக் கேட்டது. அப்புறம் ஆரம்பித்தது.

"எங்கண்ணனுங்ககிட்டயா? என்ன அசிங்கப்படுத்தவா?" என்று தொடங்கி, கல்யாணத்தன்று இவர் தாமதமாக வந்ததிலிருந்து இன்றுவரை ஒன்று விடாமல் வந்தது. நடுவில் என் பக்கமும் திரும்பியது. "நீயும் ஒரு பொம்பளதான? ஏக்கமாம், வெக்கமாம்! ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்துகினு என்ன ஏமாத்தப் பாக்கறீங்களா?" நான் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். அண்ணன் மட்டும் அசையாமல் நின்றார். திட்டு வாங்குகிற முகமாகவே அது இல்லை. விளைந்த கதிரைக் கையில் வைத்து எடை பார்க்கிற முகமாக இருந்தது.

மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான், டேப்லெட்டில் பதிவு ஓடிக்கொண்டிருப்பதை அண்ணி பார்த்தார். கணவரைப் பார்த்தார். டேப்லெட்டை எடுத்து மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். அண்ணன் இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனார்.

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பே வரவில்லை. ஒரு பேட்டரி மாற்றப் போய் ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. யாருடைய போனைச் சோதித்தாலும் சத்தமில்லாமலே சோதித்தேன். டீயில் மறுபடியும் தண்ணீர் சேர்ந்தது.

அறுப்பு முடிந்து அண்ணன் வந்தார். குரல் தேறியிருந்தது. எனக்கென்று ஒரு பையில் சாமை கொண்டுவந்திருந்தார்.

"ஒரு கதிரு போகலக்கா. கொம்பன் அந்த மலையிலேயே இல்ல."

"அண்ணி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அன்னிக்கு ஊட்டுக்குப் போயும் பேசல. பொழுது சாயறப்ப நான் காட்டுக்குக் கௌம்பறேன், கூடவே வர்றா. பன்னி ஓடுதா இல்லியான்னு பாக்கணுமாம். பரண்ல பக்கத்துல உட்காந்துகினா. நான் பொட்டியப் போட்டேன். மலை பூரா அவ குரலு என்னத் திட்டிக்கினு கெடக்குது. பன்னிங்க வுழுந்து எழுந்து ஓடுதுங்க. திரும்பிப் பாக்கறேன், முந்தானைய வாயில வெச்சி அடைச்சிக்கினு சிரிக்கிறா. அழுவறாளோன்னு பயந்துட்டேன் யக்கா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தினமும் வந்தா. அறுப்பு வரைக்கும் பரண்லதான் இருந்தோம் ரெண்டு பேரும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. ஆனால் அண்ணன் முகத்தில் இன்னும் ஏதோ கவலை ஒட்டிக்கொண்டிருந்தது. பேட்டரி சரியாக நிற்கவில்லையா என்று கேட்டேன்.

"பேட்டரி நல்லாத்தான் நிக்குது. வர வர அவளுக்குக் கோவமே வர மாட்டேங்குதுக்கா. மொகத்தப் பாத்தா சிரிக்கிறா. வர்ற வருசம் சாமைக்கு நான் இன்னா பண்றது?"

நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"கூரைக்குத் தகரம் வாங்கிட்டீங்களாண்ணா?"

"இல்ல. அடுத்த வாரந்தான் வாங்கிக்கினு வரச் சொல்லியிருக்கா."

"அப்ப இன்னா கவலை?" என்று சொல்லிவிட்டு, பின்னால் அலமாரியில் இருந்த ஸ்பீக்கர் பெட்டிகளிலேயே பெரிதாகப் பார்த்து ஒன்றைத் தூசி தட்டி அவர் முன்னால் வைத்தேன்.